எந்த தெரபி நல்லது என்று கேட்பதை நிறுத்துங்கள்

உளவியல் சிகிச்சை பற்றிய சண்டை எல்லாம் கடைசியில் "சிபிடி நல்லதா, ஃபிராய்ட் வழி நல்லதா?" என்பதில் வந்து நிற்கிறது. சிபிடி என்றால் இப்போதைய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் முறை; ஃபிராய்ட் வழி என்றால் ஆழ்மனத்தையும் கடந்த காலத்தையும் தோண்டும் முறை. எனக்கு இந்தக் கேள்வியே சலித்துவிட்டது.

1952-ல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் ஒரு குண்டைப் போட்டார். பதற்றம், மனச்சோர்வு என்று வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உளவியல் சிகிச்சை இல்லாமலே இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்றார். அவர் ஒப்பிட்ட விதம் ஓட்டை. 1977-ல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிகிச்சை பெற்ற சராசரி ஆள் பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நன்றாக இருக்கிறார் என்று காட்டினார்கள். சரி, பலன் உண்டு. எதனால்?

இங்கேதான் மாத்திரையைச் சோதிக்கும் முறை கைவிடுகிறது. மருந்துச் சோதனையில் எது நிஜ மாத்திரை என்று டாக்டருக்கும் தெரியாமல் வைக்கலாம். தான் என்ன தெரபி செய்கிறோம் என்று தெரபிஸ்டுக்குத் தெரியாமல் வைக்க முடியுமா? ஒப்பிட எடுப்பது சிகிச்சையே இல்லாமல் வெறும் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களை என்றால் ஏறக்குறைய எதுவும் ஜெயித்துவிடும். 1989-ல் வெளியான அமெரிக்காவின் பெரிய மனச்சோர்வு ஆய்வில் போலி மாத்திரை வாங்கியவர்களுடனும் டாக்டர் வாரந்தோறும் இருபது, முப்பது நிமிடம் பரிவாகப் பேசினார். நோய் கடுமையாக இல்லாதவர்களிடம் தெரபிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் போலி எது?

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். கடும் பயத்துக்கும் ஓசிடிக்கும் (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் நோய்) பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பதுதான் வேலை செய்கிறது. இனிக்க இனிக்கப் பேசினால் போதாது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஒலித்தட்டுகளில், அமர்வுகளைப் பதிவு செய்தார். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல நிபுணர்கள் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி, மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். இந்த அமர்வுகள் இல்லாமல் வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 39. அந்த ஆலோசகர்கள் ஒருவர் பதிவை இன்னொருவர் கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த எண்களைவிட இதுதான் பெரிய விஷயம்.

நம் ஊர் ஆய்வேடுகளோ பெரும்பாலும் கேள்வித்தாளைக் கொடுத்து, கூட்டி, முடித்துவிடுகின்றன. ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்யுங்கள். அப்புறம், பாதியில் விட்டுப் போனவர்களையும், வந்து இன்னும் மோசமானவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள்.