முன்வரிசையில் நம் ஆள்

டிரம்ப் இரண்டாம் முறையாகப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 இரவு, "நம் மதுரைப் பிள்ளை எங்கே நிற்கிறான் பார்த்தீர்களா" என்ற வரியோடு பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்ட படத்தை இன்றுவரை யாராவது ஒருவர் மாதம் தவறாமல் மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அமைச்சர்களாக அறிவிக்கப்பட்டிருந்தவர்களுக்கும் முன்னால், சக்கர்பெர்க், பெசோஸ், மஸ்க் ஆகிய தொழில்நுட்பப் பெருமுதலாளிகளோடு கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை நிற்கும் படம் அது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. எரிச்சல்தான்; எதனால் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த விழா நடந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்துக்குள்தான் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப்பின் ஆதரவாளர்கள் புகுந்தார்கள். அதையொட்டி அவருடைய சேனலை முடக்கிய யூடியூபின் உரிமையாளரான அதே கூகுள், பதவியேற்பு விழாவுக்கு 10 லட்சம் டாலர் மொய் எழுதியது. மெக்சிகோ வளைகுடாவுக்கு அவர் 'அமெரிக்க வளைகுடா' என்று பெயர் சூட்டியதும், அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தன் வரைபடத்தில் அப்படியே மாற்றிக் காட்டியது. சேனலை முடக்கியதற்காக அவர் தொடுத்த வழக்கை 2025 செப்டம்பரில் 2.45 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதில் 2.2 கோடி வெள்ளை மாளிகையில் அவர் கட்டும் விருந்து மண்டபத்துக்கு! (நம் ஊர் மொய்யாவது நோட்டில் ஏறும்.)

"ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சோறு போடும் நிறுவனம், பகைத்துக்கொண்டால் அவர்கள் கதி என்ன" என்பது பெரியப்பாவின் வாதம். 2023 ஜனவரியில் ஒரே அறிவிப்பில் 12,000 பேரை அந்த நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியபோது எந்த டிரம்ப்பும் ஆட்சியில் இல்லையே! 2017இல் வெள்ளை இனவெறியர்களின் பேரணியை ஒட்டி நடந்த சார்லட்ஸ்வில் கலவரத்தை டிரம்ப் உறுதியாகக் கண்டிக்காத பிறகு, அவருடைய ஆலோசனைக் குழுவிலிருந்து மெர்க் மருந்து நிறுவனத் தலைவர் கென்னத் ஃபிரேசியர் விலகினார். டிரம்ப் உடனே அவரை ஏசினார். ஆனாலும் நிறுவனம் முழுகவில்லை, அவரும் 2021 வரை அதே நாற்காலியில்தான் இருந்தார். இவ்வளவு ஏன், அதே 2017இல் முஸ்லிம் நாட்டவருக்கு எதிரான பயணத் தடையைக் கண்டித்துக் கூகுள் ஊழியர்கள் திரண்டபோது, அவர்கள் நடுவே நின்று பேசியவர் இதே சுந்தர் பிச்சைதான். முதுகெலும்பே இல்லாதவரிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவரிடம்தான் வருகிறது.

2025 செப்டம்பர் 4 அன்று வெள்ளை மாளிகை விருந்திலும் அவர் இருந்தார். அந்தப் படமும் குழுவில் சுற்றியது. பதினைந்தே நாளில், வெளிநாட்டினர் அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற ஆணை வந்தது. "பெரியவன் அமெரிக்கா போவதற்குக் காத்திருக்கிறானே, சுந்தர் பிச்சையெல்லாம் இதைத் தட்டிக் கேட்க மாட்டார்களா" என்று பெரியப்பா குழுவில் கேட்டார். ஜனவரியில் அவரே இட்ட படத்தைத் தேடி எடுத்துப் பதிலாக அனுப்பினேன். அதற்கு மட்டும் இதுவரை யாரும் இதயம் போடவில்லை.