இளைத்த டோப்ளரோனும் ஏறிய பங்குச்சந்தையும்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்று 2016-இல் நடந்த பிரெக்சிட் வாக்கெடுப்பையொட்டி பிரிட்டன் ஊடகங்கள் வீண் பீதியைக் கிளப்பின என்கிறார் ஒரு கட்டுரையாளர். பாதி சரி. வெளியேற வாக்களித்தால் உடனே மந்தநிலை வரும், வேலையில்லாதோர் 5 லட்சம் கூடுவர் என்று 2016 மே மாதம் நிதியமைச்சகம் சொன்னதைப் பல பத்திரிகைகள் பெரிய செய்தியாக்கின. இரண்டுமே நடக்கவில்லை.

ஆனால் வெளியேறுவதை ஆதரித்த எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் அடித்த கூத்தை ஏன் விட்டுவிட்டார்? லண்டன் பங்குச்சந்தைக் குறியீடான எஃப்டிஎஸ்இ 100 ஏறியதும் 'பார்த்தீர்களா!' என்று துள்ளினார்களே. அதிலுள்ள பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு வருமானம் வெளிநாட்டுப் பணத்தில். பவுண்டு சரிந்தால் அவர்கள் கணக்கில் லாபம் தானாகக் கூடும். அதற்கும் நாட்டு நலனுக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் அந்த டோப்ளரோன் சாக்லேட். 2016 நவம்பரில் 400 கிராம் பட்டை 360 ஆனது. முக்கோணங்களுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளி. பழி பிரெக்சிட் மேல் விழுந்தது. மூலப்பொருள் விலைதான் காரணம் என்று கம்பெனி சொன்னதைக் காதில் வாங்கியவர் குறைவு. ஒரு வருடம் கழித்துப் பணவீக்கம் 3.1 சதவீதம் ஆகி, சம்பள உயர்வை விலைவாசி விழுங்கியபோது பத்திரிகைகளுக்குக் காட்டுவதற்கு அப்படியொரு படம் கிடைக்கவில்லை, பாவம்.

இன்னொன்று. வெளியேறும் நோட்டீஸே 2017 மார்ச்சில்தான் போனது. வெளியேறியது 2020 ஜனவரி 31. வக்கீலைப் பார்க்கும் முன்பே ஜீவனாம்சக் கணக்குப் போட்ட கதைதான் 2016-இல் இரு தரப்பும் எழுதியது. கட்டுரையாளரும் அந்த வருடத்து எண்களை வைத்தே தீர்ப்பு சொல்கிறார்.