செர்வருக்குக் காசு கொடுக்கலாம், செய்தவனுக்குக் கொடுக்கக்கூடாதாம்

முந்தாநாள் மாஸ்டடானில் (ட்விட்டர் மாதிரி, ஆனால் ஆளுக்கொரு செர்வராகப் பலர் நடத்தும் கட்டற்ற சமூக வலைத்தளம்) நடந்த கூத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள், தயவுசெய்து இன்பாக்ஸில் வந்து ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். ஒரு தம்பி, கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளைச் சொல்லித்தரும் தன் பாட வீடியோவைப் போட்டு, கீழே ஒரு க்யூஆர் கோடு வைத்து, "பிடித்திருந்தால் டீ வாங்கிக் கொடுங்க" என்று எழுதினான். கொஞ்ச நேரத்தில் பதிவைத் தூக்கிவிட்டார்கள். காரணம்? "இது விளம்பரமில்லாத தளம்."

எந்தக் கம்பெனியின் எந்தச் சரக்கை அவன் விற்றான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சொந்த உழைப்பு, சொந்தப் பதிவு, கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. இதில் சிரிப்பு என்னவென்றால், அந்த செர்வரை நடத்தும் அட்மினின் பக்கத்தில் மேலேயே ஒரு பதிவு பின் செய்யப்பட்டிருக்கிறது. "ஹோஸ்டிங் பில் வந்துவிட்டது நண்பர்களே, சந்தா அனுப்புங்கள்." அதற்கும் கீழே க்யூஆர் கோடுதான்! அது சமூகப் பங்களிப்பு, இது வணிகம். நல்ல நியாயம்.

அந்த வீடியோவை எத்தனை பேர் முழுதாகப் பார்த்தீர்கள் என்று தெரியாது. நான் பார்த்தேன். தூரிகையின் அழுத்தத்தை எப்படி மாற்றுவது, லேயரை எப்போது பூட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்கிறான். நடுவில் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறான். மைக்கில் இரைச்சல் விழுகிறதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்வான். சென்னையில், மே மாதத்தில். அந்த வேர்வைக்கு ஒரு டீ கேட்டது தளத்தின் தூய்மையைக் கெடுத்துவிட்டதாம்.

மாஸ்டடானே எதில் வளர்ந்தது? ஓய்கன் ராச்கோ என்பவர் 2016இல் அதை ஆரம்பித்த நாளிலிருந்து விளம்பரம் கிடையாது, சரி. ஆனால் காசே கிடையாதா? படைப்பவர்களுக்கு ஆதரவுப் பணம் அனுப்பும் பேட்ரியான் தளத்தில் ஜனங்கள் கொடுத்த பணத்தில்தான் அது நடந்தது. 2025 நவம்பரில் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது, பத்தாண்டாகச் சந்தை நிலவரத்துக்குக் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்ததற்கு ஈடாகப் பத்து லட்சம் யூரோ தருவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. மனதாரக் கைதட்டினேன். தரவேண்டிய பணம். மென்பொருள் எழுதியவருக்கு உழைப்புக்கூலி உண்டென்றால், அதற்குள் ஜனங்கள் வந்து பார்ப்பதற்கு ஏதாவது செய்து வைப்பவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

யூடியூபுக்கு மாற்றான பியர்ட்யூப் என்ற கட்டற்ற வீடியோ மென்பொருளைச் செய்கிற பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பும் நன்கொடையில்தான் நடக்கிறது. வீடியோ போடுகிறவர் 'எனக்கு ஆதரவு தாருங்கள்' என்று எழுதி வைக்க அந்த மென்பொருளிலேயே இடம் உண்டு. செய்தவர்களுக்கு வராத கோபம் நம்மவர்களுக்கு வருகிறது.

"கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஆன்மாவுக்கே எதிரானது" என்று ஒருவர் உருகி எழுதியிருந்தார். ஐயா, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985 வாக்கில் ஈமாக்ஸ் என்ற தன் எழுதுமென்பொருளை டேப்பில் பதிந்து ஒன்று 150 டாலருக்கு விற்றார். அதில்தான் பிழைப்பு ஓடியது. ஆன்மா அப்படியேதான் இருந்தது.

"காசு வந்தால் தளம் குப்பையாகும், எக்ஸ் தளத்தைப் பார்க்கவில்லையா?" என்கிறார்கள். இதை நான் அப்படியே தள்ளவில்லை. 2023இல் எக்ஸ் விளம்பர வருமானத்தில் பங்கு தர ஆரம்பித்த பிறகு, நீலக்குறி வாங்கியவர்கள் எந்தப் பதிவின் கீழும் வந்து வம்பிழுப்பதை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அங்கே காசு எண்ணிக்கைக்குக் கிடைக்கிறது. எத்தனை கண் விழுந்தது என்பதுதான் கணக்கு, அதனால் வம்பு லாபம். தம்பியின் பாடத்தைப் பத்தாயிரம் பேர் திட்டிக்கொண்டே பார்த்தாலும் அவனுக்கு ஒரு பைசா வராது. யாரோ ஒருவர் உண்மையிலேயே கற்றுக்கொண்டு, மனம் வந்து கொடுத்தால்தான் வரும். இரண்டும் ஒன்றா?

"ஒருவர் போடும் படம் மற்ற செர்வர்களிலும் பிரதியாகிறது, அடுத்தவர் டிஸ்கில் உட்கார்ந்து சம்பாதிக்கலாமா?" சம்பாதிக்காமல் போடும் பூனைப் படமும் அதே டிஸ்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். வெள்ளைக்காரர் தன் முகப்பில் பேட்ரியான் இணைப்பு வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இவன் யூபிஐ வைத்தால் "பிச்சை". அந்தச் சொல்லை எழுதியவர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறார், படித்துக்கொண்டிருப்பார், படிக்கட்டும். பேபால் 2021 ஏப்ரலிலேயே இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. இருபது ரூபாயை இங்கே வேறு எப்படி வாங்குவது? மணியார்டரிலா?

மணியார்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கல்லூரி முடித்த புதிதில் ஒரு சிற்றிதழுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். இந்தியன் இங்க், தொட்டு எழுதும் நிப்பு, ராத்திரி முழுக்கப் புள்ளி வைத்து நிழல் போடுவேன். சந்தா மணியார்டரில் வரும், ஆசிரியர் கையெழுத்துப் போட்டு வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அச்சகத்துக்குப் பணம் போகும். காகிதக் கடைக்குப் போகும். பைண்டிங் செய்பவருக்கும் தபால்தலைக்கும் போகும். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் இரண்டு பிரதி. ஒருமுறை நிப்பு வாங்கவாவது காசு கேட்டேன். "நீயுமாம்மா?" என்றார். அவ்வளவுதான். இலட்சியத்துக்காகக் காகிதக் கடைக்காரர் ஒரு ரீம் சும்மா கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை, அவரிடம் "நீயுமா" என்று யாரும் கேட்டதும் இல்லை.

தெருக்கூத்தில் நடு ஆட்டத்தில் நிறுத்தி, இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று பேர் சொல்லி அறிவிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கூத்து விளம்பரமாகிவிட்டது என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனதில்லை.

ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து செய்தால் மட்டும் அது சேவை, அது பொழுதுபோக்கு, அது "உங்களுக்குத்தான் கை வந்த கலையாச்சே". மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வரைந்து கேட்கிற சொந்தக்காரரிலிருந்து, "எக்ஸ்போஷர் கிடைக்கும் மேடம்" என்கிற அமைப்பாளர் வரை, எல்லோரும் ஒரே வாயால்தான் பேசுகிறீர்கள். வாடகை கேட்கிறவரிடம் எக்ஸ்போஷரைக் கொடுத்துப் பாருங்கள். பணம் இருக்கிறவர்கள் மட்டும்தான் தமிழில் எதையாவது செய்து இலவசமாக வைக்கலாம் என்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள். தம்பி மாதிரிப் பையன்கள் நேரத்தை வீணாக்காமல் டெலிவரிக்குப் போவார்கள்.

"இவ்வளவு பேசுகிறவர் ஏன் விளம்பரம் நிறைந்த முகநூலில் எழுதுகிறீர்கள்?" எனக் கேட்கப்போகிறவருக்கு: மாஸ்டடானில் எழுதினால் தூக்கிவிடுகிறார்கள் சார், அதனால்தான்.

கமெண்டில் அட்மினைப் பெயர் சொல்லித் திட்டுகிறவர்களை பிளாக் செய்வேன். அவர் இரவு முழுக்க விழித்து செர்வரைப் பார்த்துக்கொள்கிறவர், அந்த உழைப்பு எனக்குத் தெரியும். இந்த மாதச் சந்தாவை இன்று காலையே அவருக்கு அனுப்பிவிட்டேன்.