ஓடிபி சிங்கப்பூருக்கு, திட்டு எனக்கு

நான் கிராம சுகாதார நர்ஸ். நேற்று ப்ளாக் மீட்டிங்கில் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள்: "இத்தனை வருஷ சர்வீஸ், இன்னும் கம்ப்யூட்டர் வரலையாம்மா உங்களுக்கு?"

அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் 14 கர்ப்பிணிகளின் பதிவு பென்டிங்காம். அந்த 14 பேரையும் வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள் நான். பிபி, எடை, எச்பி (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) எல்லாம் ரெஜிஸ்டரில் இருக்கிறது. திரையில் ஏறவில்லையென்றால் பார்க்கவே இல்லை என்று கணக்கு!

ஏன் ஏறவில்லை? திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பக்கம் பல வீட்டில் ஆம்பிளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ. பெண்டாட்டி ஆதாரிலும் இருப்பது புருஷன் போன் நம்பர். பதிவுக்காக ஆபா எண் (ஆதாரை வைத்து எடுக்கும் சுகாதார அடையாள எண்) போட்டால் ஓடிபி அங்கே போய் விழும். "நர்ஸம்மா, அவங்க வேலையில இருப்பாங்க, ராத்திரிதான் பேசுவாங்க" என்பாள் அந்தப் பிள்ளை. அவர் ராத்திரி நம்பரைச் சொல்லும்போது இங்கே சிக்னல் இருக்காது. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கொசுக்கடியில் போனைத் தூக்கிப் பிடித்தால் சர்வர் சுற்றும். இதில் நான் எந்தக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ள?

சரி, எனக்குத் தெரியாததும் உண்டு. எக்செல் என்றால் இன்றைக்கும் கை நடுங்கும். இப்போது பி.எஸ்ஸி. நர்சிங்கில் இதற்கென்றே பாடம் இருக்கிறது. ஏ.என்.எம். (துணைச் செவிலியர் பயிற்சி) படித்த எங்களுக்கு அப்போது யார் சொல்லித்தந்தார்கள்? பிற்பாடு கிடைத்தது அரை நாள் பயிற்சி. அறுபது பேருக்கு ஒரு திரை. ஒரு தம்பி படபடவென்று தட்டிக் காட்டினார், "புரிஞ்சுதா மேடம்?" என்றார், சாம்பார் சாதம் வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தெரிந்த கொஞ்சமும் பத்தாவது படிக்கிற மகளிடம் திட்டு வாங்கிக் கற்றது.

கம்ப்யூட்டர் வந்தால் நோட்டு போய்விடும் என்றார்களே, போனதா? நோட்டில் எழுதி, அதையே போனில் தட்டி, அப்புறம் சாயங்காலம் அதே எண்ணிக்கையை வாட்ஸ்அப் குரூப்பிலும் போட வேண்டும்.

அலட்சியமாக விடவும் முடியாது. 12 வாரத்துக்குள் பதிவு ஏறாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் முதல் தவணைக்கே இழுபறி. பதிவு ஏறினால் கிடைக்கும் 12 இலக்க பிக்மி எண் இல்லையென்றால் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழிலும் சிக்கல். அப்போது அவள் வந்து நிற்பது என் வாசலில், சர்வர் வாசலில் இல்லை.

நேற்று, ரத்தசோகையில் எச்பி 7.2தான் இருக்கிற ஒரு கர்ப்பிணிப் பிள்ளையை இரும்புச்சத்து ஊசிக்கு நான்தான் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். நான் மீட்டிங்கில் நின்றுகொண்டிருந்தேன். அவள் டவுன் பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள்.