கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு. "ஏஏ மீட்டிங்குக்கு நாலு தடவை போனாரு, ஒண்ணும் பலனில்ல" என்று சொல்பவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான்: எத்தனை பேருடைய போன் நம்பரோடு வீடு திரும்பினார்?

கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறினால் கிடைப்பது ஒரு மணி நேரம். மிச்சமிருக்கும் 23 மணி நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இந்த அமைப்பு உருவானதே, குடிக்கத் தோன்றிய ஒருவர் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைப் போனில் தேடியதால்தான். குடியிலிருந்து மீள உறுப்பினர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளை எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்பான்சராக, அதாவது படிகளில் கூடவே வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, ஒருவரைக் கேட்கும்முன் பாருங்கள்: குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருக்கிறாரா, படிகளைத் தானே செய்து முடித்தாரா, அவருக்கும் ஒரு ஸ்பான்சர் உண்டா? நன்றாகப் பேசுகிறார் என்பது தகுதியே இல்லை. ஆள் கிடைத்ததும், மனசு சரியாக இருக்கும் நாட்களிலேயே தினமும் கூப்பிட்டுப் பழகுங்கள். வெறி ஏறிய நேரத்தில் புதிதாக ஒரு நம்பரை அழுத்த யாருக்கும் கை வராது.

ஸ்பான்சர் டாக்டர் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரை விட்டு விலகுங்கள். தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதையொட்டிப் பிதற்றலும் நடுக்கமும் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மீட்டிங். ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி: சில வாரம் நிறுத்தியபின் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது.

இன்னொரு அவசரம், முதல் மாதமே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது. அது ஒன்பதாம் படி. அதற்குமுன் தன் கணக்கை எழுதும் நான்காம் படி இருக்கிறது. கேட்பதால் எதிராளிக்குக் காயம் என்றால் கேட்காதே என்று அந்த ஒன்பதாம் படியே சொல்கிறது.

சூதாட்டத்தை விட நினைப்பவர்களுக்கான இதே மாதிரி அமைப்பான ஜிஏ-வில் (கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்) சிக்கலே பணம். கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதி, பணப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்வார்கள். பாசத்தில் குடும்பம் மொத்தக் கடனையும் அடைத்துவிட்டால், அது அடுத்த ஆட்டத்துக்கு வழிவிட்டதாகிவிடும்.

படிகளில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு, அது இல்லாத ஸ்மார்ட் ரெக்கவரி என்ற வேறொரு உதவிக் குழு இருக்கிறது. அதற்காகச் சண்டை வேண்டாம்.

குடிக்காமல் இருந்த நாள் கணக்குக்குக் கூட்டத்தில் கைதட்டும் வழக்கம்தான் எனக்கு உறுத்தல். 90 நாள் ஆனவர் சறுக்கினால், எண்ணிக்கை பூஜ்யமாகுமே என்று மறைத்துவிடுகிறார், வருவதையும் நிறுத்துகிறார். அடுத்த கூட்டத்திலேயே வந்து சொல்லலாம். உறுப்பினராக இருக்கத் தேவை குடியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே என்பது ஏஏ-யின் மூன்றாம் மரபு (குழுக்களை நடத்தும் நெறிகளில் ஒன்று). சறுக்கியதற்காக அங்கே யாரையும் நீக்குவதில்லை.