‘ஐ லவ் லூசி’ நேரடி ஒளிபரப்பு அன்று

அமெரிக்க நடிகை லூசில் பால் திரைப்படத்திலிருந்து தொலைக்காட்சிக்கு வந்து நடித்த ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் முழுக்க நேரடி ஒளிபரப்பு என்றும், படச்சுருளே பயன்படவில்லை என்றும் நம் சேலம் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்துள்ளனர். அன்புடன் திருத்துகிறேன். 1951 அக்டோபரில் தொடங்கிய அத்தொடர், பார்வையாளர்கள் முன்னிலையில், மூன்று கேமராக்களால் 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது. நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், லூசிலும் கணவர் தேசி அர்னாஸும் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இருக்க விரும்பியதும், தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்து அனுப்பும் அன்றைய முறையில் காட்சி மங்கிவிடும் என்பதுமே இதற்குக் காரணங்கள்.

சரிபார்ப்பது எளிது. தொடக்க ஆண்டுகளின் ஏதேனும் ஓர் அத்தியாயத்தை இறுதிவரை ஓடவிட்டால், ஒளிப்பதிவாளராக கார்ல் ஃபிராய்ண்ட் பெயர் வரும். 1927இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர் அவர்! ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் அங்கு உழைத்த ஒளிப்பதிவாளர்களை நினைக்கும் நம் ஊரில், இத்தகைய கலைஞரின் பங்கு மறைந்துபோவது எனக்கு வருத்தமளிக்கிறது. பிறகு, முகச் சுருக்கம்வரை துலங்கும் அத்தொடரின் படத் தெளிவையும் கவனியுங்கள்.