யானை தொடாதுன்னு யார் சொன்னது?
ஆப்பிரிக்கக் காட்டுக்கத்தரிச் செடி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 'விஷம் என்பதால் எந்த விலங்கும் கிட்டே போகாது' என்ற வரி தப்பு. கென்யாவின் லைக்கிப்பியா புல்வெளியில் யானையும் இம்பாலா மானும் இதைத் தின்பது ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. ஆடுமாடுதான் ஒதுக்கும். அதனால்தான் மேய்ந்து மொட்டையான நிலத்திலும் சாலையோரத்திலும் இது மட்டும் செழித்து நிற்கும்.

கென்யாவிலேயே நைவாஷா பக்கம் வேலை பார்த்த மூன்று வருஷமும் தினம் பார்த்த செடி. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெல்வெட் மாதிரி சாம்பல் பூத்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் ஒரு குட்டி நட்சத்திரம். முள் கொக்கி போல வளைந்தது, சட்டையைப் பிடித்தால் லேசில் விடாது (இரண்டு சட்டை போச்சு). பூ அசல் நம்ம கத்தரிப்பூதான், ஒரே குடும்பமாச்சே! மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளை. கருவண்டு அதைக் கட்டிப்பிடித்து ரீங்கரித்து உலுக்கினால்தான் தூள் கொட்டும். காய் பச்சையில் வெளிர் வரியோடு இருக்கும், பழுத்தால் பளிச்சென்று மஞ்சள்.

படத்துக்குக் கீழே அறிவியல் பெயரை சொலானம் இன்கானம் என்று போட்டிருக்கிறீர்கள். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்கச் செடியை இப்போது சொலானம் கம்பிலகாந்தம் என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். முடிந்தால் மாற்றிவிடுங்கள்.